ஹாய்ஸ்ட் டிரைவில் பிரேக் அலாரம்: கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

பாதி உயரத்தில் கல் தொங்கிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவின் திரையில் பிரேக் அலாரம் வந்து ஹாய்ஸ்ட் (கிரேனில் சுமையைத் தூக்கி இறக்கும் பகுதி) நின்றுவிட்டால், கீழே நிற்கும் சூப்பர்வைசர் முதலில் சொல்வது "ரீசெட் போட்டுப் பாருங்கண்ணா" என்பதுதான். பல நேரங்களில் ரீசெட்டுக்குப் பிறகு ஹாய்ஸ்ட் ஓடவும் செய்யும். அப்படி ஓடிவிடுவதனாலேயே கோளாறு தேடப்படாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளின் கான்ட்ரி கிரேன்களையும் ஓசூர் சிப்காட் ஆலைகளின் ஈஓடி (தலைக்கு மேல் தடத்தில் ஓடும்) கிரேன்களையும் பழுது பார்க்கும் வேலையில், எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று எனக்குப் படிந்துபோன வரிசையை இங்கே எழுதுகிறேன். மின்சாரப் பலகையைத் திறந்து பழகியவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் பலகையைத் திறக்க வேண்டாம்.

நம் பகுதியில் இந்த அலாரத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 2.8 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள ஒரு கிரானைட் கட்டியின் கன அளவு 9 கன மீட்டருக்குச் சற்று மேல். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை என்பதால், அந்தக் கட்டி 24 டன்னைத் தாண்டுகிறது. ஹாய்ஸ்ட் நின்ற பிறகு அவ்வளவு எடையையும் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டாரின் வால்பக்கத்திலோ கியர்பாக்ஸின் அச்சிலோ பொருத்தப்பட்ட அந்த ஒரு பிரேக்தான்.

எந்த பிரேக் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டிரைவ்களின் மொழியில் பிரேக் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, ஸ்பிரிங்கின் விசையால் மூடி, மின்சாரம் கொடுத்தால் திறக்கும் இயந்திர பிரேக். மற்றொன்று, சுமை இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்பும் ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்றும் பிரேக்கிங் ரெசிஸ்டரும், அதை இயக்கும் சாப்பரும். முன்னது பழுதானால் கல் விழும். பின்னது பழுதானால் டிரைவ் ட்ரிப் ஆகும், அதாவது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ரெசிஸ்டர் அலாரத்துக்கு லைனிங் (பிரேக்கின் உராய்வுப் பட்டை) மாற்றியவர்களையும், லைனிங் தேய்ந்த ஹாய்ஸ்டுக்குப் புது ரெசிஸ்டர் வாங்கிவைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கருவிப்பையைத் திறக்கும் முன் எண்ணைப் படியுங்கள். டான்ஃபாஸ் எஃப்சி 302 டிரைவில் 22 என்பது ஹாய்ஸ்டின் இயந்திர பிரேக் அலாரம். 25 ரெசிஸ்டர் ஷார்ட், 26 ரெசிஸ்டரின் திறன் வரம்பு, 27 சாப்பர் கோளாறு, 28 ரெசிஸ்டர் சோதனை தோல்வி. அதிலும் 22 வந்தால் கூடவே ஓர் இலக்கத்தையும் காட்டும்: 0 என்றால் குறித்த நேரத்துக்குள் டார்க் (மோட்டாரின் சுழற்று விசை) எட்டவில்லை, 1 என்றால் பிரேக்கிலிருந்து பதில் சிக்னல் வரவில்லை. ஏபிபி ஏசிஎஸ்880 டிரைவில் 71ஏ2 என்பது பிரேக் மூடுவதில் தவறு, 71ஏ3 திறப்பதில் தவறு, 71ஏ5 திறக்க அனுமதி இல்லை என்பது. ஷ்னைடர் ஆல்டிவார் 71-இல் பிஎல்எஃப் வந்தால் பிரேக்கைத் திறப்பதற்கு வேண்டிய கரண்ட் எட்டவில்லை. பிஆர்எஃப் வந்தால் கட்டளையும் பதில் சிக்னலும் பொருந்தவில்லை. கம்பெனிகள் வேறு, எண்கள் வேறு என்றாலும் எல்லாரும் சொல்ல வருவது மூன்றே செய்திகள்தாம்: பிடிப்பு வரவில்லை, திறந்ததற்குச் சாட்சி இல்லை, மூடியதற்குச் சாட்சி இல்லை. எந்தச் செய்தி வந்தது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

சுமை தொங்கும் நிலையில் அலாரம் வந்தால்

முதல் வேலை ஆட்களை விலக்குவது. சுமைக்கு நேர் கீழே மட்டுமன்றி, அது சாய்ந்தால் விழக்கூடிய வட்டத்துக்குள்ளும் யாரும் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும்.

திறப்பதில் தவறு என்ற அலாரம் என்றால் பிரேக் பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது, ஆகவே நிதானமாகச் செயல்பட நேரம் உண்டு. மூடுவதில் தவறு அல்லது பிரேக் வழுக்குகிறது என்ற எச்சரிக்கை வந்தால் நிலைமை தலைகீழ்: அந்தக் கணத்தில் சுமையைப் பிடித்துக்கொண்டிருப்பது டிரைவ் கொடுக்கும் டார்க் மட்டுமாக இருக்கக்கூடும். பதற்றத்தில் எமர்ஜென்சி பொத்தானை அடித்தால் டிரைவின் பிடியும் போய், ஏற்கெனவே வழுக்கும் பிரேக்கிடமே முழு எடையையும் ஒப்படைத்ததாகிவிடும். டிரைவ் இன்னும் இயங்குகிறது என்றால், கீழ்நோக்கிய பொத்தானை மெதுவான வேகத்தில் அழுத்தி, நடுவில் எங்கும் நிறுத்தாமல் சுமையைத் தரைவரை கொண்டுவந்து இறக்கிவிடுவதே சரி. எமர்ஜென்சி பொத்தான் எப்போதும் பாதுகாப்பு என்று பழகிய கைக்கு இது முரணாகத் தோன்றும்; அதனால்தான் ஆபரேட்டருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அலாரம் வந்த பிறகு சொன்னால் காதில் விழாது.

டிரைவ் செத்து, பிரேக் மூடியிருந்து, சுமை மேலே மாட்டிக்கொண்டால், கை லீவர் உள்ள பிரேக்குகளில் லீவரைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இறங்கும் அளவுக்கு மட்டும் தூக்கி விடலாம். ஒருவர் லீவரில், மற்றொருவர் சுமையைப் பார்த்தபடி, இருவருக்கும் ஒரே சைகை என்று இருக்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் வேகம் கூடி லைனிங் தீய்ந்துவிடும்.

சுமை தரையில் அமர்ந்த பிறகு மெயின் ஐசொலேட்டரை (முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிப் பூட்டுங்கள். டிரைவின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வடிய, மூடியின் மேல் எழுதப்பட்டிருக்கும் நிமிடங்கள் வரை காத்திருந்து, டிசி முனையங்களில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 415 வோல்ட் லைனில் ஓடும் டிரைவில் அந்த டிசி 587 வோல்ட் அளவில் நிற்கும். கிரேன் தடத்தில் ஏறி வேலை செய்யும்போது அதே தடத்தில் வேறு கிரேன் ஓடினால், அது 6 மீட்டருக்குள் நெருங்காதபடி ஏற்பாடு வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்த கணக்கு. நடைமுறையில் அந்தக் கிரேனின் மெயினையும் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுதான் எனக்கு நிம்மதி.

டிரைவ் என்ன வரிசையில் வேலை செய்கிறது

பொத்தானை அழுத்தியவுடன் ஹாய்ஸ்ட் தூக்குவதில்லை. டிரைவ் முதலில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக் காந்தப்புலத்தை ஏற்றி, பிரேக் மூடியிருக்கும்போதே சுமையைத் தாங்கும் அளவுக்கு டார்க் வந்துவிட்டதா என்று பார்க்கிறது. வந்தபிறகு ஒரு ரிலேயை மூடுகிறது. ரிலே பிரேக் காண்டாக்டரை (பிரேக்குக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்சை) இழுக்கிறது. காண்டாக்டர் காயிலுக்கோ திரஸ்டருக்கோ (சிறு மோட்டாரும் எண்ணெயும் கொண்டு பிரேக்கைத் தூக்கும் அமைப்பு) மின்சாரம் கொடுக்கிறது. பிரேக் திறந்ததும் அதிலுள்ள மைக்ரோ சுவிட்ச் டிரைவுக்குப் பதில் அனுப்புகிறது. அதன் பிறகே வேகம் ஏறுகிறது. நிறுத்தும்போது வேகம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் ரிலே விடுபடுகிறது, பிரேக் மூடி முடியும்வரை டிரைவ் டார்க்கை விடாமல் பிடித்திருந்து, அப்புறமே கைவிடுகிறது. ஒரு மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவது போன்ற வேலை இது: வாங்குபவர் பிடித்துக்கொண்ட பிறகே கொடுப்பவர் விட வேண்டும். பிரேக் அலாரங்கள் அனைத்தும் இந்தக் கைமாற்றத்தின் ஏதோ ஒரு படியில் நேரம் கடந்துவிட்டது என்பதையே சொல்கின்றன.

எனவே ஹூக்கில் சுமை இல்லாமல் ஒருவரைப் பெண்டன்டை (கிரேனிலிருந்து தொங்கும் பொத்தான் பெட்டியை) அழுத்தச் சொல்லி, பலகையின் முன் நின்று காதையும் கண்ணையும் வையுங்கள். டிரைவின் ரிலே விளக்கு எரிந்ததா, காண்டாக்டர் 'டக்' என்று விழுந்ததா (மூடியதா), அதற்குப் பிறகு மோட்டாரின் வாலில் பிரேக் 'தட்' என்று திறந்ததா? எந்தச் சத்தம் வரவில்லையோ அதற்கு முந்திய படிவரை எல்லாம் நலம். இந்த ஒரு சோதனை அரை நாள் மீட்டர் வேலையை மிச்சப்படுத்தும்.

டார்க் எட்டவில்லை என்ற அலாரம்

ரிலேயே மூடவில்லை என்றால் பிரேக்கைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை; கோளாறு மோட்டார் பக்கம் அல்லது பாராமீட்டர்களில் இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும் கரண்ட் சமமாகப் போகிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு முனை தளர்ந்திருந்தாலும், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே யாராவது வைத்த காண்டாக்டரின் ஒரு முனை கருகியிருந்தாலும் டார்க் வராது. மோட்டாரை மாற்றியிருந்தால், புதிய பெயர்ப்பலகையின் கரண்டும் வேகமும் டிரைவில் ஏற்றப்பட்டனவா, ஆட்டோடியூன் செய்யப்பட்டதா என்று பாருங்கள். என்கோடர் (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் டிரைவுக்குச் சொல்லும் கருவி) உள்ள ஹாய்ஸ்ட் என்றால் அதன் கப்ளிங் ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, ஏ, பி கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதும் பட்டியலில் சேரும். அவை மாறினால் மேலே போகும் மோட்டாரைக் கீழே போவதாக நினைத்து டிரைவ் வரம்புவரை கரண்டைக் கொட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, பிரேக் திறக்கும் கரண்ட் வரம்பு மட்டும் அளவுக்கு மீறி உயர்த்தி வைக்கப்பட்டிருந்தால், அதைக் குறைக்கலாம். ஆனால் அலாரத்தை வாயடைக்கச் செய்வதற்காகக் குறைக்கக் கூடாது. வரம்பு தாழ்ந்தால், மோட்டார் பிடிப்பதற்கு முன்பே பிரேக் திறந்துவிடும்; மேலே போகச் சொன்ன கல் முதலில் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டுப் பிறகு ஏறும். அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்த்தால், அது வரம்பு குறைவு என்பதற்கான அடையாளம். என்கோடர் இல்லாத ஹாய்ஸ்டில் பிரேக் திறக்கும் அதிர்வெண்ணை எங்கே வைப்பது என்பதற்கு மோட்டாரின் ஸ்லிப் ஒரு நல்ல தொடக்கம்: 1500 ஆர்பிஎம் ஒத்திசைவு வேகமும் 1440 ஆர்பிஎம் பெயர்ப்பலகை வேகமும் உள்ள மோட்டாருக்கு ஸ்லிப் 4 விழுக்காடு, அதாவது 50 ஹெர்ட்ஸில் 2 ஹெர்ட்ஸ். அந்த 2-ஐ ஒட்டி வைத்துச் சுமையோடு சோதித்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பிரேக் திறக்கவில்லை

வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதற்காகத்தான், ஆகவே இங்கே சற்று நிதானிக்கிறேன்.

முதலில் பிரேக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய காண்டாக்டர் முறையில் ஓடிய ஹாய்ஸ்டுகளில் பிரேக்கின் ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக மாற்றுவதை) மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள்ளேயே மோட்டார் முனைகளில் இணைத்திருப்பார்கள். மோட்டாருக்கு 415 வோல்ட் வந்தால் பிரேக்குக்கும் வரும் என்பதால் அன்று அது சரி. அதே ஹாய்ஸ்டுக்கு டிரைவ் மாட்டும்போது அந்த இணைப்பைப் பிரித்து, பிரேக்குக்குத் தனியாக மெயினிலிருந்து கம்பி இழுக்க வேண்டும், ஏனெனில் டிரைவின் வெளியீட்டு வோல்டேஜ் அதிர்வெண்ணோடு ஏறி இறங்குவது. பர்கூர் பக்கத்தில் ஒரு பட்டறையில் டிரைவ் மாட்டிய நாள்முதல் ஹாய்ஸ்ட் துள்ளித் துள்ளி எழும்புவதாகவும், அடிக்கடி ஓவர்கரண்டில் நிற்பதாகவும் கூப்பிட்டார்கள். டிரைவ்தான் மோசம் என்று அதைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்தார்கள். டெர்மினல் பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது: ரெக்டிஃபையரின் இரண்டு கம்பிகளும் மோட்டார் முனைகளிலேயே நட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தன. குறைந்த வேகத்தில் பிரேக்குக்கு வோல்டேஜ் போதாமல் மூடியே கிடக்க, மோட்டார் அதை எதிர்த்துத் திமிறியிருக்கிறது. மூன்று மீட்டர் கம்பியும் ஒரு காண்டாக்டரும் வைத்ததில் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து வோல்டேஜ். அரை அலை ரெக்டிஃபையர் என்றால் ஏசி வோல்டேஜை 0.45-ஆலும், முழு அலை என்றால் 0.9-ஆலும் பெருக்குங்கள். 415 வோல்ட்டில் அரை அலைக்கு 187 வோல்ட் டிசி, 230 வோல்ட்டில் முழு அலைக்கு 207 வோல்ட் டிசி வர வேண்டும். காயில் மாட்டிய நிலையில் அளந்தால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. காயிலைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்டுப்போன ரெக்டிஃபையரும் நல்லதுபோல் நடிக்கும். டிசி பக்கத்துக் கம்பியை மின்சாரம் இருக்கும்போது ஒருபோதும் உருவாதீர்கள், காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜ் மீட்டரையும் ஆளையும் பதம் பார்த்துவிடும்.

பிறகு காயில். பெயர்ப்பலகையின் வோல்டேஜை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும்: 190 வோல்ட், 100 வாட் காயிலுக்கு 361 ஓம். குளிர்ந்த காயிலில் இதற்கு அருகில் வந்தால் நலம். வெகுவாகக் குறைந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன, எல்லையில்லாமல் காட்டினால் அறுந்துவிட்டது. ஆனால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறும் என்பதை மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் திறந்தவெளி யார்டில் ஓடும் காயில் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதே 361 ஓம், 430 ஓம் அளவுக்குப் போய்விடும். கரண்ட் குறையும், இழுவிசை அதைவிடவும் குறையும். இத்துடன் லைனிங் தேய்ந்து காற்றிடைவெளியும் கூடியிருந்தால், காலையில் ஒழுங்காக ஓடிய ஹாய்ஸ்ட் மதியம் இரண்டு மணிக்கு மேல் அலாரம் காட்டும். சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்க்கும்போது மறுபடி ஓடும். "நீங்க வந்தா மட்டும் ஓடுதுண்ணா" என்று ஆபரேட்டர் சொன்னால், நான் முதலில் கையில் எடுப்பது இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைத்தான்.

காற்றிடைவெளியை ஆர்மேச்சரைச் (காயில் இழுக்கும் இரும்புத் தட்டைச்) சுற்றி மூன்று இடங்களில் அளக்க வேண்டும். சிறிய, நடுத்தர டிஸ்க் பிரேக்குகளில் புதிதாக இருக்கும்போது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையில் வைப்பது வழக்கம். எதுவரை தேய விடலாம் என்பது ஒவ்வொரு பிரேக்கின் பலகையிலோ கையேட்டிலோ இருக்கும். மூன்று இடங்களிலும் ஒரே அளவு வராவிட்டால் ஆர்மேச்சர் சாய்ந்து மாட்டும். நம் பட்டறைகளில் வேறொரு தொல்லையும் உண்டு: கல் அறுக்கும் தண்ணீரோடு தெறிக்கும் மாவு காய்ந்து, மிக மெல்லிய சிமெண்ட் பூச்சுபோல இடைவெளிக்குள் படிந்துவிடும். ஏர் கன் வைத்து ஊதினால் அது உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். கவரைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, காய்ந்த துணியால் துடைப்பதே சரி. லைனிங்கில் எண்ணெய், கிரீஸ் கை படவே கூடாது.

இதற்கு நேர் எதிரான அடையாளமும் ஒன்று உண்டு. பொங்கல் விடுமுறை ஐந்து நாள் கழிந்து தொழிற்கூடம் திறக்கும் காலையில், முதல் பொத்தானிலேயே திறப்பதில் தவறு என்று அலாரம் வரும். மார்கழி, தைப் பனியில் டிஸ்க்கில் துரு பூத்து லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் இது கூடுதலாக நடக்கிறது. லீவரால் இரண்டு மூன்று முறை விடுவித்து, சுமையில்லாமல் மேலும் கீழும் சில தடவை ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் துரு தேய்த்த தூள் லைனிங்கில் இருப்பதால் முதல் சுமையைக் கனமானதாக எடுக்க வேண்டாம்.

திரஸ்டர் பிரேக் என்றால் பார்வை வேறு. அதன் சிறு மோட்டாருக்கு மூன்று ஃபேஸும் வருகிறதா, எண்ணெய் அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனால் உறுமும், தூக்காது. டிஸ்க் பிரேக்கைவிடத் திரஸ்டர் திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், டிஸ்க் பிரேக்குக்கு வைத்த நேரத்தை அப்படியே விட்டால் டிரைவ் பொறுமையிழந்து அலாரம் அடிக்கும். இந்த நேரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு வினாடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் மெதுவோட்டப் படப்பிடிப்பு இருக்கிறது. காண்டாக்டர் விழும் சத்தமும் பிரேக் நெம்புகோல் எழுவதும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து, இடையிலுள்ள சட்டங்களை எண்ணுங்கள். 96 சட்டங்கள் என்றால் 0.4 வினாடி. அதற்குச் சற்றுக் கூடுதலாக டிரைவில் வையுங்கள்.

திறந்தது, ஆனால் பதில் வரவில்லை

பிரேக் கண்ணெதிரே திறக்கிறது, அலாரமும் வருகிறது என்றால் மைக்ரோ சுவிட்ச், அதன் கம்பி, டிரைவின் இன்புட் முனை ஆகிய மூன்றில் ஒன்று. லைனிங் தேயத் தேய ஆர்மேச்சரின் இடம் மாறுவதால் மைக்ரோ சுவிட்ச் தொடும் புள்ளியும் நகர்ந்துவிடும். காற்றிடைவெளியைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச்சையும் சரிசெய்ய வேண்டும். கம்பி உள்ளுக்குள் அறுந்திருப்பது டிராலியோடு மடிந்து நீளும் ஃபெஸ்டூன் கேபிளில் அதிகம்: நிற்கும்போது தொடர்ச்சி காட்டும், டிராலி ஒரு கோடிக்குப் போனதும் விட்டுவிடும். எந்த இடத்தில் அலாரம் வந்தது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். எப்போதும் தெற்குக் கோடியில்தான் என்றால் பாதி வேலை முடிந்தது.

வோல்டேஜ் இறக்கமும் இதே அலாரமாக வேடம் போடும். பக்கத்தில் பெரிய கேங் சா (கல் அறுக்கும் இயந்திரம்) மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைன் ஒரு கணம் தாழ்கிறது. டிரைவ் தன் கெப்பாசிட்டர்களில் சேர்த்துவைத்ததை வைத்துச் சமாளித்துவிடும், ஆனால் பிரேக் காண்டாக்டரின் காயில் சமாளிக்காமல் விடுபட்டுவிடும். கட்டளை இருக்கிறது, பதில் இல்லை, அலாரம். அலாரத்தின் நேரத்தையும் கேங் சா ஓட்டிய நேரத்தையும் ஒப்பிட்டால் இது வெளிச்சத்துக்கு வரும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரின் அளவும் அதன் டேப்பும் பார்க்கப்பட வேண்டும்.

பதில் சிக்னலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல், காண்டாக்டரின் துணை முனையிலிருந்து எடுத்திருக்கும் பலகைகள் நிறைய உண்டு. காண்டாக்டர் விழுந்தது என்பதைத்தான் அது சொல்லும், பிரேக் திறந்தது என்பதை அல்ல. இதைவிட மோசமானது, டிரைவில் பதில் சிக்னல் என்ற ஏற்பாட்டையே நிறுத்திவைப்பது. வெறும் ஜம்பர் கம்பி போட்டால் டிரைவ் ஏமாறாது, ஏனெனில் பிரேக் மூட வேண்டிய நேரத்திலும் திறந்திருப்பதாகவே பதில் வரும். அதனால் விவரம் தெரிந்தவர்களே பாராமீட்டரில் கை வைக்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்தில் ஓர் ஆலையில் ஒரு நைட் ஷிப்டை ஓட்டுவதற்காக அப்படி நிறுத்தப்பட்டது, பல மாதம் யாரும் திரும்பப் போடவில்லை. பிரேக் முழுதாகத் திறக்காமல் உரசிக்கொண்டே ஓடியதில், நான் கவரைக் கழற்றும்போது லைனிங் கண்ணாடிபோல் பளபளத்து, தீய்ந்த வாடை அடித்தது. பளபளப்பு ஏறிய லைனிங் பிடிக்காது. அன்றைக்குத் தொங்கியது வெறும் ஹூக் என்பதால் தப்பித்தார்கள்.

மூடுவதில் தவறு

ரிலே விட்ட பிறகும் பிரேக் திறந்தே இருந்தால் காண்டாக்டர் முனைகள் ஒட்டிவிட்டதா என்று பாருங்கள். காண்டாக்டரே இல்லாமல் டிரைவின் சிறு ரிலேயை நேராகக் காயிலோடு இணைத்திருந்தால் அது ஒட்டுவது திண்ணம். காண்டாக்டர் விடுகிறது, பிரேக் மட்டும் தாமதமாக மூடுகிறது என்றால் ரெக்டிஃபையரின் ஏசி பக்கத்தை மட்டும் துண்டிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படித் துண்டித்தால் காயிலின் கரண்ட் டயோடு வழியாகச் சுழன்று மெதுவாகத்தான் அடங்கும். அந்த இடைவெளியில் சுமை வழுக்கும். ஹாய்ஸ்டுக்கு டிசி பக்கத்தையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும், ரெக்டிஃபையரிலேயே அதற்குத் தனி முனைகள் உண்டு. பல இடங்களில் அந்த முனைகளை ஒரு சிறு பாலக்கம்பியால் இணைத்தபடியே விட்டிருப்பார்கள்.

ரெசிஸ்டர் அலாரம் பற்றிச் சுருக்கமாக

10 டன் சுமை நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஏறத்தாழ 6.5 கிலோவாட் திரும்பி வருகிறது. கியர்பாக்ஸில் ஒரு பங்கு போக மிச்சம் ரெசிஸ்டரில்தான் எரிய வேண்டும். மெயினைப் பூட்டிக் காத்திருந்து, ரெசிஸ்டர் ஆறிய பிறகு, ஒரு கம்பியைக் கழற்றி ஓம் மதிப்பைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். பிறகு ரெசிஸ்டரின் உடலுக்கும் கம்பிக்கும் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். பெட்டியின் சல்லடைக்குள் பல்லி விழுந்து கருகி ஷார்ட் ஆனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ரெசிஸ்டர் அறுந்தால் இறக்கும்போது டிசி வோல்டேஜ் எகிறி டிரைவ் ட்ரிப் ஆகும், உடனே இயந்திர பிரேக் முழு வேகத்தில் அறைந்து மூடும். ஆகவே இறக்கத்தில் அடிக்கடி ஓவர்வோல்டேஜ் ட்ரிப் ஆன ஹாய்ஸ்டில் ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடாமல் லைனிங்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலை முடிந்த பிறகு

சுமையில்லாமல் மேலும் கீழுமாகப் பத்து முறை நிறுத்தி ஓட்டுங்கள். பிறகு சிறு சுமையைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்தி, கப்ளிங்கிலும் அதை ஒட்டிய நிலையான பாகத்திலும் ஒரே கோடாகச் சாக்பீஸ் அடையாளம் போட்டு, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு விலகக் கூடாது. அதே சோதனையை அந்தப் பட்டறை வழக்கமாகத் தூக்கும் சுமையோடு, அதே 15 சென்டிமீட்டர் உயரத்தில் மறுபடி செய்யுங்கள். அந்த உயரத்திலிருந்தே மேலே எடுக்கச் சொல்லி, புறப்படும்போது சுமை கீழே சரிகிறதா என்றும் பாருங்கள். தேடும்போது மாற்றிய பாராமீட்டர்களில் சோதனைக்காக மட்டும் மாற்றியவற்றைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, திறக்கும் கரண்ட், திறக்கும் நேரம், மூடும் நேரம், மூடும் வேகம், காற்றிடைவெளி ஆகிய ஐந்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு ஐசொலேட்டர் சாவியை ஒப்படையுங்கள்.